சத்தத்தை அளப்பது எப்படி? மனுவில் கையெழுத்திடும் முன் சில கணக்குகள்

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், நம் குடியிருப்பில் வசிக்கும் ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் என்னிடம் இருபது நிமிஷம் பேசச் சொன்னார். போர்டு கிடையாது, ஃபார்முலா கூடாது என்று இரண்டு நிபந்தனையும் போட்டார். முப்பது வருஷம் சாக்பீஸோடு பேசிப் பழகியவனுக்கு இது கொஞ்சம் கஷ்டம்தான். முடிந்தவரை வாயாலேயே கணக்குப் போடுகிறேன்.

விஷயம் உங்களுக்குத் தெரியும். நம் புகார்ப் புத்தகத்தில் கடந்த சில மாதங்களாகத் தண்ணீரை விடச் சத்தம்தான் அதிகம். பக்கத்துத் தெருக் கல்யாண மண்டபத்தின் ஸ்பீக்கர், பின்புறச் சந்தில் ஓடும் தறிகள், நம்முடைய சொந்த ஜெனரேட்டர் என்று மூன்று புகார்கள். பலர் செல்போன் ஆப்பில் பார்த்து, ‘82 டெசிபெல்’, ‘91 டெசிபெல்’ என்று எண்ணையும் எழுதியிருக்கிறார்கள். மண்டபத்தின் மேல் ஒரு மனு, தறிகளின் மேல் ஒரு மனு என்று இரண்டு தாள்கள் கையெழுத்துக்குச் சுற்றி வருகின்றன. ஜெனரேட்டருக்கு மட்டும் மனு இல்லை. அது நம்முடையது என்பதால் இருக்கலாம்.

கையெழுத்துப் போடாதீர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. அந்த எண்ணுக்கு என்ன பொருள், எப்போது பொருள் இல்லை என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன். தப்பான எண்ணோடு நியாயமான புகார் போனால் தோற்றுவிடும். அதே தப்பான எண், ஒரு நெசவாளர் குடும்பத்தின் பிழைப்பில் கை வைக்கவும் செய்யும்.

காதின் அளவு

ஒலி என்பது காற்றழுத்தத்தில் ஏற்படும் சின்னச் சின்ன ஏற்ற இறக்கம். நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் சுமார் ஒரு லட்சம் பாஸ்கல். அதில் ஒரு பாஸ்கலில் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு ஏறி இறங்கினாலே நல்ல காதுக்குக் கேட்டுவிடும். அதாவது 20 மைக்ரோ பாஸ்கல். காது வலிக்கும் அளவு சத்தத்தில் இந்த ஏற்ற இறக்கம் சுமார் 20 பாஸ்கல். இரண்டுக்கும் நடுவே பத்து லட்சம் மடங்கு வித்தியாசம். ஆற்றல் கணக்கில் பார்த்தால் லட்சம் கோடி மடங்கு. ஊசி விழும் சத்தமும், காதருகே வெடிக்கும் வெடியும் ஒரே காதுக்குள்தான் போக வேண்டியிருக்கிறது.

இவ்வளவு பெரிய எண்களை வைத்துக்கொண்டு வேலை செய்ய முடியாது. அதனால் 1920-களில் அமெரிக்காவின் பெல் தொலைபேசி நிறுவனப் பொறியாளர்கள், கம்பியில் போகும்போது குரல் எவ்வளவு தேய்கிறது என்று கணக்கிட ஒரு சுருக்கு வழியைப் பிடித்தார்கள். ஆற்றல் பத்து மடங்கானால் பத்தைக் கூட்டு, நூறு மடங்கானால் இருபதைக் கூட்டு, ஆயிரம் மடங்கானால் முப்பதைக் கூட்டு. பூஜ்யங்களை எண்ணுவதுதான் கணக்கு. அலெக்சாண்டர் கிரகாம் பெல் நினைவாக அந்த அலகுக்கு ‘பெல்’ என்று பெயர் வைத்தார்கள். அதில் பத்தில் ஒரு பங்கு டெசிபெல். அந்த 20 மைக்ரோ பாஸ்கலைப் பூஜ்யம் டெசிபெல் என்று வைத்துக்கொண்டால், வலி தொடங்கும் இடம் 120 டெசிபெல். ஆகவே பூஜ்யம் டெசிபெல் என்றால் ஒலியே இல்லை என்று பொருள் இல்லை. மனிதக் காது தொடங்கும் இடம், அவ்வளவுதான்.

பத்துத் தவில் என்ன சொல்கிறது

டெசிபெல்லை ரூபாய் போலக் கூட்ட முடியாது. ஒரு தவில் நாம் நிற்கும் இடத்தில் 80 டெசிபெல் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே போல இன்னொரு தவில் பக்கத்தில் சேர்ந்தால் 160 ஆகாது. ஆற்றல் இரண்டு மடங்கு, டெசிபெல்லில் 3 மட்டும் கூடும். ஆக 83. பத்துத் தவில் சேர்ந்தால் 90.

இன்னொரு வேடிக்கை. 10 டெசிபெல் கூடினால், ஏறத்தாழ இரண்டு மடங்கு சத்தமாகத்தான் நம் காதுக்குப் படுகிறது. ஆற்றல் பத்து மடங்கு, உணர்வு இரண்டு மடங்கு. இதைத்தான் இயற்பியலில் ஒலியின் செறிவு வேறு, உரப்பு வேறு என்கிறோம். செறிவு கருவி காட்டுவது. உரப்பு காதும் மூளையும் சேர்ந்து சொல்வது.

இதில் நமக்கு என்ன உபயோகம்? மண்டபத்தில் போய்ப் பேசினால், ‘சார், எட்டு பாக்ஸில் நாலை ஆஃப் பண்ணிட்டோம்’ என்பார்கள். பெரிய சலுகை போலத் தெரியும். கணக்குப்படி குறைந்தது 3 டெசிபெல். வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால் வித்தியாசம் தெரியாது. சத்தம் பாதியாகத் தெரிய வேண்டும் என்றால் ஆற்றலைப் பத்தில் ஒரு பங்காக்க வேண்டும். அதனால் பாக்ஸ் எண்ணிக்கையைப் பற்றி அவர்களிடம் பேரம் பேசாதீர்கள். ஆம்ப்ளிஃபயரின் வால்யூமையும், ஸ்பீக்கர் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதையும் பேசுங்கள்.

தூரத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் 6 டெசிபெல் குறையும். 4 மீட்டரில் 90 என்றால் 8 மீட்டரில் 84, 16-ல் 78, 32-ல் 72, 64-ல் 66. ‘மண்டபம் அறுபது மீட்டர் தள்ளித்தானே இருக்கிறது’ என்றால், 60-க்கு மேல் இன்னும் மிச்சம் இருக்கிறது. நம் தெருக்களில் இரண்டு பக்கமும் சுவர். ஒலி எதிரொலித்துத் திரும்பி வருவதால் இந்த அளவுகூடக் குறையாது. கருடசேவை அன்று வரும் நாதஸ்வரமும் தவிலும் தெருவுக்கென்றே அமைந்த வாத்தியங்கள். மைக் இல்லாமலே நாலு வீடு தள்ளியும் கேட்கும். ஆனால் அந்த ஒலி நகர்ந்து போய்விடும். கட்டிப்போட்ட ஸ்பீக்கர் நகராது.

சென்னை மெஜஸ்டிக் காலனி சொல்லும் பாடம்

நம்மைப் போன்ற ஒரு நலச்சங்கத்தின் வழக்கு ஒன்று உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. சென்னை மாதவரம் நெடுஞ்சாலையில் உள்ள கே.கே.ஆர். நகரில் மெஜஸ்டிக் காலனி நலச்சங்கம், அங்கிருந்த ஒரு வழிபாட்டுக் கூடத்தின் ஒலிபெருக்கி, டிரம்ஸ் பற்றி 1996-ல் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் புகார் செய்தது. வாரியம் அளந்து பார்த்தது. கூடத்தின் அருகே உள்ள சத்தத்துக்குக் காரணம் நெடுஞ்சாலையில் ஓடும் வண்டிகள் என்று ஆய்வறிக்கை சொன்னது. வழக்கு உயர் நீதிமன்றம் போனது. வண்டிச் சத்தத்தையும் கட்டுப்படுத்துங்கள், கூடத்தின் ஸ்பீக்கரையும் குறைக்கச் செய்யுங்கள் என்று அங்கே உத்தரவானது. அதை எதிர்த்த மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் 2000 ஆகஸ்ட் 30 அன்று தள்ளுபடி செய்தது. மற்றவர் அமைதியைக் கெடுத்து, ஒலிபெருக்கி வைத்துத்தான் வழிபட வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை என்பது தீர்ப்பின் சாரம். எல்லா மதத்துக்கும், எல்லா மண்டபத்துக்கும் சேர்த்துச் சொன்னது அது.

சங்கம் ஜெயித்தது. ஆனால் நான் பார்ப்பது நடுவில் வந்த அந்த ஆய்வறிக்கையை. பிரதான சாலை ஓரத்தில் மீட்டரை நீட்டினால் அது எல்லாச் சத்தத்தையும் சேர்த்துத்தான் காட்டும். யாருடைய சத்தம் என்று மீட்டருக்குத் தெரியாது. நாம்தான் பிரிக்க வேண்டும். அதற்கு ஒரே வழி, இரண்டு தடவை அளப்பது: அந்தச் சத்தம் இருக்கும்போது ஒன்று, இல்லாதபோது ஒன்று.

உதாரணத்துக்கு, ஜெனரேட்டர் ஓடும்போது உங்கள் பால்கனியில் 63, நிறுத்திய பின் 62 என்று வைத்துக்கொள்வோம். ஜெனரேட்டர் 1 டெசிபெல் என்று சொல்லலாமா? கூடாது. கழித்தால் ஜெனரேட்டர் மட்டும் தருவது சுமார் 56. அதை மூடி மறைப்பது தெருவின் 62. இரவில் தெரு 45-க்கு இறங்கியபின் அந்த 56 தனியாக எழுந்து நிற்கும். பகலில் தொந்தரவு இல்லாத ஜெனரேட்டர், இரவு பதினொன்றுக்குக் கரண்ட் போனதும் இடி மாதிரி இருப்பது இதனால்தான். ஜெனரேட்டர் கூடவில்லை, தெரு குறைந்திருக்கிறது.

ஏ என்றும் சி என்றும் ஓர் எழுத்து

மீட்டரில் எண்ணுக்குப் பக்கத்தில் ‘ஏ’ அல்லது ‘சி’ என்று ஓர் எழுத்து இருக்கும். சட்டத்தில் வருவதும் ‘டெசிபெல்-ஏ’. அந்த எழுத்து இல்லாத எண்ணை நம்ப வேண்டாம்.

நம் காது எல்லாச் சுருதியையும் ஒரே மாதிரி கேட்பதில்லை. ஃபிளெட்சர், மன்சன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1933-ல் இதை அளந்து வெளியிட்டார்கள். கீழ்ச் சுருதி காதுக்கு மந்தமாகக் கேட்கும். குழந்தை அழும் சுருதி கூர்மையாகக் கேட்கும். காதைப் போலவே கருவியும் கேட்கட்டும் என்று கீழ்ச் சுருதிகளைத் தட்டிக் கழிப்பதுதான் ‘ஏ’. 100 ஹெர்ட்ஸ் ஒலியில் அது 19 டெசிபெல்லைக் கழித்துவிடும். 63 ஹெர்ட்ஸில் 26. ‘சி’ ஏறத்தாழ அப்படியே விட்டுவிடும்.

டிஜே பாக்ஸின் ‘தும் தும்’ இருக்கும் இடம் இதுதான். சுவரும் ஜன்னலும் பாட்டின் மேல் சுருதியைத் தடுத்து, கீழ்ச் சுருதியை உள்ளே விட்டுவிடும். பாட்டு கேட்காது, அலமாரிக் கண்ணாடி மட்டும் நடுங்கும். ஆனால் ‘ஏ’யில் அளந்தால் எண் சாதுவாக இருக்கும். ‘உங்க வீட்ல ஐம்பதுதான் சார் காட்டுது’ என்பார்கள். அப்போது அதே இடத்தில் ‘சி’யிலும் ஒரு தடவை பாருங்கள். இரண்டுக்கும் 15, 20 வித்தியாசம் இருந்தால் பிரச்சினை பேஸ் ஒலியில் இருக்கிறது என்று பொருள். சட்டத்தின் வரம்பு ‘ஏ’யில்தான். ஆனாலும் மண்டபக்காரரிடம் ‘பேஸைக் குறையுங்கள்’ என்று குறிப்பாகக் கேட்க இது உதவும்.

செல்போனைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அதன் மைக் நம் பேச்சுக்காக வைத்தது. அதிகச் சத்தத்தைத் தானே அடக்கும், பின்னணி ஒலியைத் தானே வடிகட்டும். ஒரே இடத்தில் இரண்டு போன்கள் பல டெசிபெல் வித்தியாசம் காட்டுவது சகஜம். கூடியதா குறைந்ததா என்று பார்க்கப் போன் போதும். மனுவில் எழுதப் போதாது. முறையான மீட்டரை அளக்கும் முன்பு, 94 டெசிபெல், அதாவது சரியாக ஒரு பாஸ்கல் தரும் சின்னக் கருவியை அதன் மைக்கில் மாட்டிச் சரிபார்ப்பார்கள். தராசுக்கு முத்திரை மாதிரி.

சராசரி என்ற தந்திரம்

ஒலி மாசு (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகள் 2000-ம் ஆண்டு வந்தன. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபெல்-ஏ. வணிகப் பகுதிக்கு 65, 55. தொழிற்பகுதிக்கு 75, 70. அமைதி மண்டலத்துக்கு 50, 40. பகல் என்பது காலை 6 முதல் இரவு 10 வரை. இந்த எண்கள் எல்லாமே சராசரி. ஒரு நொடியில் மீட்டர் தொட்ட உச்சம் அல்ல.

சராசரி என்றாலும் எண்களைக் கூட்டி வகுக்கும் சராசரி அல்ல, ஆற்றலின் சராசரி. இரவு எட்டு மணி நேரத்தில் ஒரு மணி நேரம் 75, மீதி ஏழு மணி நேரம் 45 என்றால், சாதாரணச் சராசரி 48 சொச்சம் வரும். ஆற்றல் சராசரி 66. அந்த ஒரு மணி நேரம் இரவு முழுவதையும் தூக்கிவிடுகிறது. கல்யாண மண்டபத்துக்கு எதிரே நமக்குள்ள பலம் இது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 40 டெசிபெல் அமைதியான இரவில் ஒரு லாரி பத்து நொடி 75-ல் ஹாரன் அடித்துவிட்டுப் போகிறது. குழந்தை எழுந்துவிட்டது, வீடே எழுந்துவிட்டது. இரவுச் சராசரி சுமார் 43. சட்டப்படி குறையில்லாத இரவு! தூக்கம் கெடுவதை இந்த எண் முழுதாகச் சொல்லாது என்பதையும் நாம் மறக்கக் கூடாது.

மண்டபம், ஜெனரேட்டர், தறி

இப்போது நம் மூன்று புகாருக்கு வருவோம்.

மண்டபம். இரவு 10-க்கு மேல் திறந்த வெளியில் ஒலிபெருக்கியோ வாத்தியமோ கூடாது. அரசு அறிவிக்கும் விழா நாட்களில் மட்டும், வருஷத்துக்கு அதிகபட்சம் 15 நாள், நள்ளிரவு 12 வரை விலக்கு உண்டு. மூடிய அரங்கத்துக்குள் 10-க்குப் பிறகும் வைக்கலாம். ஆனால் தனியார் இடத்தின் எல்லையில், அந்தப் பகுதிக்கான வரம்பை விட 5 டெசிபெல்-ஏக்கு மேல் போகக் கூடாது. குடியிருப்புப் பகுதி என்றால் இரவில் 50. எனவே கதவைத் திறந்துவைத்து ‘உள்ளேதானே வாசிக்கிறோம்’ என்றால் எடுபடாது. வரம்பை 10 டெசிபெல் தாண்டினாலோ, இரவுத் தடையை மீறினாலோ நாம் புகார் தரலாம். மாவட்ட ஆட்சியரும், டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத நியமிக்கப்பட்ட அதிகாரியும் நடவடிக்கை எடுக்க அதிகாரம் உள்ளவர்கள். இரவுத் தடைக்கு மீட்டரே தேவையில்லை, கடிகாரம் போதும். மண்டபத்தின் மேலான மனுவை இந்த அடிப்படையில் திருத்தி எழுதினால் நானே முதல் கையெழுத்துப் போடுகிறேன்.

ஜெனரேட்டர். மூடியோடு வரும் செட்டுக்கு 1 மீட்டர் தூரத்தில் 75 டெசிபெல்-ஏ என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரிய வரம்பு. நம்முடையதை நாமே முதலில் அளப்போம். மூடியின் கதவைத் திறந்து வைத்து ஓட்டினால் எந்தக் கணக்கும் செல்லாது. சுவரில் நூறில் ஒரு பங்கு இடம் திறந்திருந்தாலே, அந்தச் சுவர் எவ்வளவு கனமானாலும் 20 டெசிபெல்லுக்கு மேல் தடுக்க முடியாது. நம் படுக்கையறை ஜன்னல் இடுக்குக்கும் இதே கணக்குத்தான்.

கடைசியில் தறி. காஞ்சிபுரத்தில் குடிவந்துவிட்டுத் தறிச் சத்தம் என்று மனுப் போடுவதா என்று சிலர் கோபப்படுகிறார்கள். கோபமும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கும், நைட் ஷிப்ட் முடித்து ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வந்து பகலில் தூங்குபவருக்கும் அந்தச் சத்தம் நிஜமான தொந்தரவு. அளவு சின்னதாக இருந்தாலும் விட்டு விட்டு வரும் தட்டல் மனதை இழுக்கும். உரப்பு வேறு, எரிச்சல் வேறு.

ஆனால் எண்ணைப் பாருங்கள். பின்புறம் இருப்பவை கைத்தறி. மோட்டார் கிடையாது. விசைத்தறிக் கூடங்களில் 90-ஐத் தாண்டும் இடைவிடாத சத்தம் இங்கே இல்லை. நாடா ஓடி நிற்பதும், அச்சு மோதுவதும், மிதி இறங்குவதும் கண நேரச் சத்தங்கள். ஆப்பில் நாம் பார்த்து எழுதுவது அந்தக் கண நேர உச்சத்தை. பத்தில் ஒரு பங்கு நேரம் 70, மீதி நேரம் 45 என்றால் சராசரி 60. பகல் வரம்பை விட 5 அதிகம், ஆனால் விதிப்படி புகார் கொடுக்க 65 வேண்டும். இது என் உதாரணக் கணக்கு. நம் பால்கனியில் உண்மையில் எவ்வளவு என்று யாரும் இன்னும் முறையாக அளக்கவில்லை. அளக்காத எண்ணை வைத்து, அந்தச் சந்தில் தறிக் குழியில் கால் விட்டு உட்கார்ந்திருப்பவரின் மேல் மனுப் போடுவது முறையல்ல. அவரிடம் காலை எத்தனை மணிக்குத் தறி ஏறுகிறீர்கள் என்று நம்மில் யாராவது கேட்டிருக்கிறோமா? 6 மணிக்கு முன்பு வேண்டாம் என்று நேரில் போய்க் கேட்டால் காது கொடுப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

என் யோசனை

சங்கம் முறையான மீட்டர் ஒன்றை ஒரு வாரம் வாடகைக்கு எடுக்கட்டும். புகார்ப் புத்தகத்தில் எண்ணோடு ஐந்து விவரம் எழுதுவோம்: எந்த இடம், எத்தனை மணி, ஏயா சியா, உச்சமா சராசரியா, அந்தச் சத்தம் நின்றபோது எவ்வளவு. ஐந்தும் இல்லாத எண்ணை மனுவில் சேர்க்க வேண்டாம். முதல் அளவு நம் ஜெனரேட்டர் பக்கத்தில் எடுப்போம். மண்டப மனுவை விதியைக் குறிப்பிட்டு எழுதி அனுப்புவோம். தறி மனுவை, அளந்து பார்த்து, சந்துக்காரர்களிடம் பேசிய பிறகு எடுத்துக்கொள்வோம்.

இருபது நிமிஷத்துக்கு மேலாகிவிட்டது.